கடலோரக் குடியிருப்பில் வீடு வாங்கப் போகிறீர்களா? புரோஷரை மூடிவிட்டு ஒப்பிட வேண்டியவை

இரண்டு கடலோரத் திட்டங்களின் புரோஷர்களைப் பக்கத்தில் வைத்து, பில்டர் பெயரை மட்டும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். எது எந்தத் திட்டம் என்று சொல்ல முடியாது. அதே நீச்சல் குளம், அதே கிளப் ஹவுஸ், மாலை வெயிலில் கடற்கரையில் நடக்கும் அதே தம்பதி. நானும் ஆரம்பத்தில் குளத்தின் நீளத்தையும் கிளப் ஹவுஸின் பரப்பையும்தான் நோட்டில் எழுதி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறேழு இடங்களைச் சுற்றிய பிறகுதான் அந்த நோட்டால் ஒரு பயனும் இல்லை என்று புரிந்தது. குளம் பிடிக்காவிட்டால் இறங்காமல் இருந்துகொள்ளலாம். வீடு நிற்கும் தரையின் உயரத்தையும், குடியிருப்போர் சங்கத்தின் பணப்பெட்டியையும் வாங்கிய பிறகு நீங்கள் தனியாக மாற்ற முடியாது. ஆகவே ஒப்பீட்டில் பெரிய பங்கு தண்ணீருக்கும் கணக்குக்கும்தான்.

இங்கே பேசுவது மாஸ்டர் பிளான் குடியிருப்புகளைப் பற்றி. புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி. மாஸ்டர் பிளான் குடியிருப்பு என்றால், ஒரு நிறுவனம் பெரிய நிலப்பரப்பை எடுத்து, சாலை, வடிகால், பூங்கா, கடை, வீடு எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் அடக்கி, பல ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கட்டி விற்பது. அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் தீவில் சார்லஸ் ஃப்ரேசர் 1950-களின் இறுதியில் தொடங்கிய சீ பைன்ஸ் இதற்கு ஆரம்பகால முன்மாதிரிகளில் ஒன்று. மரங்களுக்குள் ஒதுங்கி நிற்கும் வீடுகள், எதைக் கட்டலாம் எதைக் கட்டக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த கட்டுப்பாடுகள் எல்லாம் அங்கே பரவலாக்கப்பட்டவை. 1981-இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய சீசைட், நடந்தே எல்லா இடத்துக்கும் போகலாம் என்கிற சிற்றூர் அமைப்பால் பெயர் பெற்றது. இன்று விற்கப்படும் பல திட்டங்கள் இந்த இரண்டின் பேரப்பிள்ளைகள். அழகை எடுத்துக்கொண்டார்கள், சரி. ஒழுங்கையும் எடுத்துக்கொண்டார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்

குடியிருக்கவா, விடுமுறைக்கா, வாடகைக்கு விடவா? இதைத் தீர்மானிக்காமல் சைட் விசிட் போனால் விற்பனையாளர் உங்களுக்காகத் தீர்மானித்துவிடுவார். குறுகிய கால வாடகையைத் தடுக்கும் சங்கங்கள் உண்டு, அதை நம்பியே நடக்கும் குடியிருப்புகளும் உண்டு. ஆண்டு முழுவதும் குடியிருப்பவருக்கு, வாரம் ஒரு புது விருந்தாளி வரும் பக்கத்து வீடு தலைவலி. வாடகைக்கு விடுபவருக்கு அந்தத் தடை நஷ்டம். ஒரே விதி ஒருவருக்கு நல்லது, இன்னொருவருக்குக் கெட்டது. அதனால் நண்பருக்கு ஒத்துவந்த இடம் உங்களுக்கும் ஒத்துவரும் என்று நினைக்காதீர்கள்.

தரை எவ்வளவு உயரம்?

கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். கேட்க வேண்டியது, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம். கடற்கரை மணல்மேட்டின் மேல் நிற்கும் வீடு தப்பி, ஒரு கிலோமீட்டர் உள்ளே கழிமுகத்தை ஒட்டித் தாழ்வாக நிற்கும் வீடு மூழ்கலாம். தண்ணீர் முன்வாசல் வழியாகத்தான் வரும் என்று கட்டாயமில்லை. பின்னால் இருக்கும் காயல் வழியாகவும் வரும்.

ஒவ்வொரு திட்டத்திலும் மூன்று எண்களை எழுத்தில் கேளுங்கள்: இயற்கைத் தரையின் மட்டம், மண் நிரப்பி உயர்த்திய மட்டம், வீட்டின் முடிவுத்தள மட்டம் (டைல்ஸ் போட்டு முடித்த தரையின் உயரம்). மூன்றும் கடல் மட்டத்திலிருந்து அளந்ததாக இருக்க வேண்டும். 'ரோட்டிலிருந்து மூன்று அடி உயர்த்தியிருக்கிறோம் சார்' என்பது பதில் ஆகாது. அந்த ரோடு எந்த மட்டத்தில் இருக்கிறது? நிரப்பிய மண் எத்தனை ஆண்டுகள் அமர விடப்பட்டது என்றும் கேளுங்கள். புதிதாகக் கொட்டிய நிலம் மெல்ல இறங்கும். அதோடு குழாய்களும் நடைபாதையும் இறங்கும்.

அடுத்து வெள்ள வரைபடம். அரசு வெளியிடும் வரைபடங்களில் நூறு ஆண்டு வெள்ளம் என்று ஒரு கோடு இருக்கும். பெயரைக் கேட்டதும் தாத்தா காலத்தில் ஒன்று வந்தது, இனி பேரன் காலத்தில்தான் என்று தோன்றும். அதன் பொருள் வேறு. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக்கடன் எடுத்தால், கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அதைப் பார்க்கும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். கடற்கரையில் இன்னொரு கோடும் முக்கியம்: வெறும் தண்ணீர் தேங்கும் பகுதியா, அலை மோதும் பகுதியா என்பது. அமெரிக்க வரைபடங்களில் 3 அடி, அதற்கு மேலான அலை வரக்கூடிய இடத்தை 'வி' மண்டலம் என்று தனியாகக் குறிக்கிறார்கள். நனைந்த சுவர் காய்ந்துவிடும். அலை அடித்த சுவர் நிற்காது.

அந்தக் கோடுகள் பெரும்பாலும் நேற்றைய கடலை வைத்துப் போட்டவை. உலகின் சராசரி கடல் மட்டம் 1901-இலிருந்து 2018-க்குள் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 2006–2018 காலத்தில் அது ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகத்தில் உயர்ந்ததாக ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2021-இல் சொன்னது. அந்த வேகம் கூடாமல் அப்படியே இருந்தாலும் 30 ஆண்டுக் கடன் முடியும்போது கடல் 11 செ.மீ. மேலே வந்திருக்கும். ஒரு சாண்கூட இல்லையே என்று தோன்றலாம். மழைநீர் வடிகாலின் வாய் கடலுக்கு மேலே ஒரு சாண்தான் இருக்கிறது என்றால் அப்போது தெரியும்.

வடிகாலைச் சொன்னதால், அந்த 'ஏரி பார்த்த வீடு' பற்றி. இத்தகைய குடியிருப்புகளில் ஏரி என்று விற்கப்படுவது பெரும்பாலும் மழைநீரைத் தேக்க வெட்டிய குளம்தான். அதில் தவறில்லை, நல்ல பொறியியல்தான். ஆனால் நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும்? கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழை பெய்தால் அது வெளியே வடியுமா, கடல்நீர் குழாய் வழியே உள்ளே திரும்புமா? எதிர்த்திசை வால்வு இருக்கிறதா, தூர் வாரும் செலவு யாருடையது? செயற்கைக் காயல்களிலும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். துபாயின் செயற்கைத் தீவான பாம் ஜுமைராவில் வெளி அலைத்தடுப்பு அரணுக்குள் தண்ணீர் ஓட்டமில்லாமல் தேங்கிவிடும் என்று, பிறகு அந்த அரணில் இடைவெளிகள் விட வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய திட்டத்திலேயே அப்படி.

நல்ல திட்டமிடல் நிஜமாகவே காப்பாற்றும் என்பதற்கும் சான்று உண்டு. 2022 செப்டம்பர் 28 அன்று ஃபுளோரிடாவின் மேற்குக் கரையை இயான் புயல் தாக்கியபோது, சானிபெல் தீவுக்குப் போகும் பாலச்சாலை பல இடங்களில் அறுந்து, தீவு சுமார் மூன்று வாரம் துண்டிக்கப்பட்டது. அதே புயலின் பாதையில், சற்று உள்நாட்டில் இருந்த பாப்காக் ரான்ச் என்ற திட்டமிட்ட நகரில் மின்சாரமே போகவில்லை. அது கடல் மட்டத்துக்கு 7.5 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, மின்கம்பிகள் பூமிக்கடியில், தெருக்கள் வெள்ளத்தை ஏந்திக்கொண்டு வீடுகளைக் காக்கும்படி அமைக்கப்பட்டவை. ஜன்னலில் கடல் தெரியாது என்பது உண்மைதான்.

கரை நிற்கிறதா, நகர்கிறதா?

இதற்கு நிபுணர் வேண்டாம், ஒரு மாலைப்பொழுது போதும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. திட்ட எல்லையில் ஒரு சாலை முனையையோ பழைய கட்டடத்தையோ குறியாக வைத்து, அங்கிருந்து செடிகொடிகள் முடியும் கோடு வரை ஒவ்வொரு படத்திலும் அளந்துகொண்டே வாருங்கள். ஈர மணல் வரை அளக்காதீர்கள், ஓதத்துக்கு (கடல் ஏறி இறங்குவதற்கு) ஏற்ப அது தினமும் மாறும். இருபது ஆண்டுப் படங்களில் அந்தக் கோடு உள்ளே வந்துகொண்டே இருந்தால் அந்தத் திட்டத்தை ஒப்பீட்டுப் பட்டியலின் அடியில் போடுங்கள். வட கரோலினாவின் ரோடான்தே கிராமத்தில் 2020-க்குப் பின் பல வீடுகள் தூணோடு சரிந்து கடலில் விழுந்தன. கட்டியபோது அவற்றுக்கு முன்னாலும் மணல் இருந்தது.

'கடல்சுவர் கட்டியிருக்கிறோம், கவலை வேண்டாம்' என்பார்கள். சுவர் தனக்குப் பின்னால் இருக்கும் நிலத்தைக் காக்கும். தனக்கு முன்னால் இருக்கும் கடற்கரையைக் காக்காது. மோதித் திரும்பும் அலை சுவரின் அடி மணலை அரிக்கும், சுவர் முடிகிற முனையில் பக்கத்து நிலத்தையும் கடிக்கும். உங்கள் வீடு சுவரின் முனைக்கு அடுத்ததாக இருந்தால் அதுதான் மோசமான மனை. மணல் கொட்டிக் கரையை அகலப்படுத்துவது இன்னொரு வழி. அது ஒருமுறைச் செலவல்ல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். யார் பணத்தில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மணல்மேடுகளையும் அவற்றின் மேல் படர்ந்த கொடிகளையும் அப்படியே விட்டு, மேலே மரப்பாதை போட்டுப் போகும் திட்டத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். காட்சி மறைக்கிறது என்று மேட்டைச் சமன் செய்த திட்டம், விற்பனைக்காகத் தன் வேலியைத் தானே பிடுங்கியிருக்கிறது.

வெளியேறும் வழி ஒன்றா, இரண்டா?

ஒரே பாலம், ஒரே சாலை என்றால் அதன் தாழ்வான இடம் எது என்று பாருங்கள். வீடு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அந்தத் தாழ்வில் தண்ணீர் நின்றால் ஆம்புலன்ஸ் வராது.

குழாயில் வரும் தண்ணீர்

கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டறிந்த கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறி வரலாம். ஆயிரம் வீடுகளும் ஒரு புல்வெளியும் போர்வெல்லையே நம்பியிருக்கும் திட்டத்தில் இது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது சோதித்தால் தண்ணீர் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் இப்போது குடியிருப்பது நாற்பது வீடு. பல ஆண்டுகளின் நீர்ப் பரிசோதனை அறிக்கைகளைக் கேளுங்கள். கரைந்த உப்பு ஆண்டுக்காண்டு ஏறுகிறதா என்பதுதான் செய்தி. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1,000-ஐத் தாண்டினால் சுவை கெடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை வைத்திருந்தால் மின்சாரச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் வந்து உட்காரும்.

உப்புக்காற்று தின்னும் வீடு

உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். மாடல் ஹவுஸில் இது எதுவும் தெரியாது. அதனால் புது வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதே பில்டர் பத்து ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் கட்டிய கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். பால்கனியின் அடிப்பக்கம், கார் நிறுத்தும் தளத்தின் கூரை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். பழுப்புக் கறை, கம்பியின் நீளத்துக்கு ஓடும் விரிசல், உதிர்ந்த பூச்சு இருந்தால் போதும், வேறு சான்று வேண்டாம்.

புது வீட்டில் கேட்க வேண்டியவை சில. கம்பிக்கு மேலே கான்கிரீட் கவர் எவ்வளவு? ஜன்னல் பொருத்தும் திருகுகளும் கைப்பிடிகளும் எந்த ஸ்டீல்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் கடலோரத்தில் சீக்கிரம் கறை பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் தாங்கும். ஏசியின் வெளி யூனிட்டுக்கு உப்பைத் தாங்கும் பூச்சு உண்டா? இதற்கெல்லாம் விற்பனையாளர் திணறினால் சைட் இன்ஜினியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிட மறுத்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் கணக்குப் புத்தகம்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். திட்டமிட்ட குடியிருப்பில் சாலை, வடிகால், கடல்சுவர், குளம் எல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் சங்கத்தின் தலையில் வரும். சங்கம் என்றால் நீங்கள். மாதக் கட்டணம் குறைவாக இருக்கும் திட்டத்தை நல்ல திட்டம் என்று எண்ணாதீர்கள். பல இடங்களில் வீடுகள் விற்கும் வரை பில்டரே கட்டணத்தைச் செயற்கையாகத் தாழ்த்தி வைத்திருப்பார். எதிர்காலப் பழுதுக்கு என்று ஒதுக்கும் கார்பஸ் நிதியில் எவ்வளவு இருக்கிறது, அது எந்த ஆய்வின் அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்பதுதான் ஒப்பிட வேண்டிய எண்.

2021 ஜூன் 24 அன்று ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில், கடற்கரையில் நின்ற 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இரவில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். 40 ஆண்டுக் கட்டடம். நீச்சல் குளத் தளத்தின் அடியில் நீர்க்காப்பு பழுதாகிக் கான்கிரீட் கெட்டிருக்கிறது என்று ஒரு பொறியாளர் 2018-லேயே எழுதிக் கொடுத்திருந்தார். ஒதுக்கி வைத்த பணம் போதாமல், சுமார் 1.5 கோடி டாலர் பழுதுச் செலவை வீட்டுக்காரர்கள் மேல் பிரித்துப் போடுவது குறித்து நீண்ட நாள் இழுபறி. அந்த வசூல் தொடங்கவிருந்த வேளையில்தான் கட்டடம் விழுந்தது. எதனால் விழுந்தது என்பது பொறியாளர்களின் விசாரணைக்குரிய விஷயம். வீடு வாங்குபவருக்கு அதில் உள்ள பாடம், பொறியாளர் அறிக்கையையும் நிதிக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது. அதன் பின் ஃபுளோரிடா, மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடுக்ககங்களுக்கு 30 ஆண்டில் கட்டாய ஆய்வு, கட்டமைப்புப் பழுதுக்குத் தனி ஒதுக்கீடு என்று 2022-இல் சட்டம் போட்டது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் அதே ஆவணங்களைக் கேட்க உங்களுக்கு யார் தடை?

கேட்க வேண்டியவை: கடைசி மூன்று ஆண்டு வரவு செலவு, சங்கக் கூட்டக் குறிப்புகள், சிறப்பு வசூல் ஏதாவது போடப்பட்டதா, வழக்கு ஏதாவது உண்டா, எத்தனை வீடுகள் கட்டணம் பாக்கி வைத்திருக்கின்றன. கூட்டக் குறிப்புகள் சுவாரசியமானவை. ஒரு முறை அவற்றைப் புரட்டியபோது 'கீழ்த்தளத்தில் தண்ணீர்' என்ற புகார் நான்கு கூட்டங்களில் தொடர்ந்து வந்து, ஐந்தாவதில் காணாமல் போயிருந்தது. தண்ணீர் நின்றுவிட்டதா, புகார் சொல்வது நின்றுவிட்டதா? காவலாளியிடம் கேட்டேன். தண்ணீர் இன்னும் வருகிறதாம்.

பில்டர் சங்கத்தை எப்போது ஒப்படைப்பார் என்பதும் முக்கியம். ஃபுளோரிடாவில் 90 சதவீத மனைகள் விற்று மூன்று மாதத்துக்குள் சங்கத்தின் பெரும்பான்மை குடியிருப்போர் கைக்கு வர வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் தேதியோ சதவீதமோ எழுதியிருக்கிறதா? அப்புறம், சாலைக்கும் குழாய்க்கும் வாங்கிய கடன். சில இடங்களில் அடிப்படை வசதிகளுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, அந்தத் தவணையை வீட்டுக்காரர்களின் ஆண்டுக் கட்டணத்தில் பல ஆண்டுகள் வசூலிப்பார்கள். ஒரே விலைக்கு இரண்டு வீடு, ஒன்றில் இந்தக் கடன் பாக்கி இருந்தால் அது ஒரே விலை ஆகாது.

வரைபடத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும்

புரோஷரில் பள்ளி, மருத்துவமனை, படகுத்துறை எல்லாம் இருக்கும். எது கட்டி முடிந்தது, எதற்கு அனுமதி கிடைத்தது, எது வெறும் ஓவியம் என்று மூன்று நிறத்தில் குறியுங்கள். முடிந்ததற்கு மட்டும் விலை கொடுங்கள். மலேசியாவின் ஜொகூரில் கடலில் மண் நிரப்பி எழுந்த ஃபாரஸ்ட் சிட்டி ஏழு லட்சம் பேருக்காகத் திட்டமிடப்பட்டது. வந்து குடியேறியவர்கள் அதில் மிகச் சிறு பகுதி. அங்கே வீடு வாங்கியவருக்குக் கிடைத்தது வரைபடத்தில் இருந்த நகரம் அல்ல. கடலுக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள காலி நிலம் யாருடையது என்பதையும் பாருங்கள். 'பிந்தைய கட்டம்' என்று எழுதியிருந்தால் அங்கே ஒரு கோபுரம் வந்து உங்கள் கடலை மறைக்கும்.

காப்பீட்டை முன்பணத்துக்கு முன்பே கேளுங்கள்

சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்குமா, புயல் அடங்குமா, நம் பங்காக முதலில் எவ்வளவு கழிப்பார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். புயலுக்கான கழிவு, நிலையான தொகையாக இல்லாமல் காப்பீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருக்கலாம். ஐந்து சதவீதம் என்றால், ஒரு கோடி மதிப்புள்ள வீட்டில் முதல் ஐந்து லட்சம் உங்கள் பாடு. அமெரிக்காவில் வீட்டுக் காப்பீடு வழக்கமாக வெள்ளத்தைச் சேர்ப்பதில்லை. அரசின் தனி வெள்ளக் காப்பீடு வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர் தரும், எடுத்து 30 நாள் கழித்துத்தான் பொதுவாக அமலுக்கு வரும். எந்த நாடாக இருந்தாலும் குறிப்பிட்ட வீட்டு எண்ணைச் சொல்லி எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் தயங்கினால், உங்களைவிட அதிகக் கணக்குப் போட்டவர்கள் தயங்குகிறார்கள் என்று பொருள்.

எப்போது போய்ப் பார்ப்பது?

விற்பனையாளர் ஞாயிறு காலை வரச் சொல்வார். நீங்கள் பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டி, ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் போங்கள். ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். தெருவோர வடிகால் மூடிகளைப் பாருங்கள். மழையே இல்லாத நாளில் அங்கே தண்ணீர் மினுங்கினால் அது கடல். இன்னொரு முறை பலத்த மழைக்கு மறுநாள் போங்கள். மூன்றாவது முறை, சீசன் இல்லாத ஒரு வார நாளின் இரவில். எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணினால், எத்தனை பேர் உண்மையில் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒப்பீட்டுத் தாள்

ஒரு தாளில் திட்டங்களை மேலே வரிசையாகவும், கேள்விகளைப் பக்கவாட்டிலும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். அப்படிக் கூட்டினால் நல்ல கிளப் ஹவுஸ் தாழ்ந்த தரையை ஈடுகட்டிவிடும், நிஜத்தில் அது நடக்காது. தரை மட்டம், கரை நகர்வு, கார்பஸ் நிதி, காப்பீடு இந்த நான்கில் ஒன்றில் தேறாத திட்டத்தை நேராக அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவற்றுக்குள் நீச்சல் குளத்தையும் மாலைக் காற்றையும் தாராளமாக ஒப்பிடலாம்.

கடைசியில் முன்பணம். கொடுக்கும் ரசீதிலேயே இரண்டு நிபந்தனைகளை எழுதச் சொல்லுங்கள்: சங்க ஆவணங்கள் முழுமையாகக் கைக்கு வந்து உங்கள் வழக்கறிஞர் படித்து முடிக்கும் வரை, காப்பீட்டு மதிப்பீடு கிடைக்கும் வரை, பணம் திரும்பப் பெறத்தக்கது. 'இன்றைக்கு மட்டும் இந்த விலை' என்று அவசரப்படுத்தினால், அந்த வரியைப் போடுவீர்களா என்று மட்டும் கேளுங்கள்.